நகைப்பும் நம்பிக்கையும்

மனித உள்ளத்தின் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் நகையையே முதலில் வைத்தார். நகை பிறப்பதற்குரிய நிலைக்களன்கள் நான்கு என்றும் அவர் கூறினார். எள்ளலும் பேதைமையும் அந்நான்கனுள் அடங்குவன. ஒருவரை இகழ்ந்து சிரிப்பது எள்ளல். அறியாமையைக் கண்டு சிரிப்பது பேதைமை பற்றி எழும் நகை. இவ்விரண்டும் ஏட்டிலே வேறு வேறாகத் தோன்றும். ஆயின், சமயம் என்னும் களத்தினுள்ளே சிரிப்பு நுழையும்போது, எது எள்ளல், எது பேதைமை பற்றிய நகை என்று பிரித்தறிவது எளிதன்று. அதனை எடுத்துக் காட்டுவதற்கு, 1979ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆங்கில நகைச்சுவைத் திரைப்படத்தையும், அதனைக் கண்டவர்களும் காணாதவர்களும் அதற்குக் காட்டிய எதிர்ப்பையும் வரவேற்பையும் இன்று எடுத்துக்கொள்கின்றேன். 'லைஃப் ஒஃப் பிரையன்', அதாவது 'பிரையனின் வாழ்க்கை' என்பது அப்படத்தின் பெயர்.

நான் இளம் ஆசிரியனாக இருந்த காலத்தில், உடனாசிரியர் சிலருடன் ஒரு வீட்டிலே அமர்ந்து ஒளிநாடாவில் இப்படத்தைப் பார்த்தேன். எம்முள் ஒருவர் கத்தோலிக்கர். நகைச்சுவை உணர்ச்சி மிக்கவர். படத்தின் பெரும்பகுதிக்கு எங்கள் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் அவரே. இறுதிக் காட்சி வந்தது. அவர் ஓசையின்றி எழுந்து வெளி விறாந்தைக்குச் சென்றுவிட்டார். நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். ஒரே அறையில், ஒரே படத்துக்கு, ஒரே வேளையில் எழுந்த இவ்விருவகை எதிரொலியும் என் மனத்தை விட்டு நீங்கவில்லை. அவர் எழுந்து சென்றதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவேன்.

முதலில் படத்தின் வரலாற்றைப் பார்ப்போம். கிரஹம் சப்மன், ஜோன் கிளீஸ், ரெரி கிலியம், எரிக் ஐடில், ரெரி ஜோன்ஸ், மைக்கல் பேலின் என்னும் அறுவர் 'மொண்டி பைதன்' என்ற பெயரில் பிரித்தானியத் தொலைக்காட்சியிலே புகழ் ஈட்டியவர்கள். இயேசுநாதரின் காலத்தை வைத்து ஒரு நகைச்சுவைப் படம் எடுக்கலாம் என்ற எண்ணம் முதலில் அவர்களிடையே வெறும் விளையாட்டுப் பேச்சாகவே எழுந்தது. பின்னர் அவர்கள் சுவிசேஷங்களையும் அக்கால வரலாற்றையும் கருத்தூன்றிப் படித்தனர். படித்த பின்னர், இயேசுவின் போதனையிலே நகைத்தற்குரியது எதுவுமில்லை என்ற முடிவுக்கு வந்தனர். நகைத்தற்குரியவர்கள் அப்போதனையைப் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொண்டு அதனைக் கேளாதவர்களே என்று கண்டனர். எனவே இயேசுவை விட்டு, அடுத்த தொழுவத்திலே அதே வேளையில் பிறந்த பிரையன் என்னும் கற்பனை மனிதன் ஒருவனைக் கதைத் தலைவனாக்கினர்.

படத்துக்குப் பணம் தர முன்வந்திருந்த ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் தலைவர் டெல்ஃபொண்ட் பிரபு, 1978இல் கதையைப் படித்தபின் அஞ்சிப் பின்வாங்கினார். அப்பொழுது கைகொடுத்தவர் 'பீற்றில்ஸ்' இசைக்குழுவைச் சேர்ந்த ஜோர்ஜ் ஹரிசன். கிருஷ்ண பக்தியில் ஆழ்ந்தவரான அவர், தம் வீட்டையே ஈடுவைத்து, ஏறத்தாழ நாற்பது இலட்சம் டொலரைத் திரட்டிக் கொடுத்தார். சமயத்தை நையாண்டி செய்கின்றது என்று பழிக்கப்பட்ட படத்துக்குப் பணம் தந்தவர் ஒரு பக்தர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. துனீசியா நாட்டிலே படப்பிடிப்பு நடைபெற்றது. ரெரி ஜோன்ஸ் நெறிப்படுத்தினார். சப்மன் பிரையனாக நடித்தார்.

படத்திலே இயேசுவும் வருகின்றார். மலைப்பிரசங்கக் காட்சியில் அவர் எவ்வித நையாண்டியுமின்றி, அமைதியாகப் பேசுகின்றார். கமரா மெல்ல மெல்லப் பின்வாங்கிக் கூட்டத்தின் கடைசி வரிசைக்குச் செல்கின்றது. அங்கே நிற்போருக்கு எதுவும் சரியாகக் கேட்கவில்லை. சமாதானம் செய்வோர் பேறுபெற்றோர் என்பது, பாற்கட்டி செய்வோர் பேறுபெற்றோர் என்று அவர்கள் காதில் விழுகின்றது. உடனே ஒருவர், இதனைச் சொல்லுக்குச் சொல் கொள்ளலாகாது, பாற்பண்டம் செய்வோர் அனைவரையும் இது குறிக்கும் என்று உரை விரிக்கின்றார். இன்னொரு காட்சியில், தன்னை மீட்பர் என்று எண்ணித் துரத்தும் கூட்டத்திடமிருந்து பிரையன் ஓடுகின்றான். ஓடும்போது ஒரு சுரைக்குடுவையை விட்டுச் செல்கின்றான். ஒரு செருப்பும் கழன்று விழுகின்றது. நின்று பார்த்தவர்கள் உடனே குடுவைக் கட்சியென்றும் செருப்புக் கட்சியென்றும் பிரிந்துவிடுகின்றனர். வேறோரிடத்தில், எவரையும் பின்பற்றாதீர்கள், நீங்கள் தனித்தனியே சிந்திக்கத் தெரிந்தவர்கள் என்று பிரையன் கெஞ்சுகின்றான். ஆம், நாங்கள் தனித்தனியே சிந்திப்பவர்கள் என்று முழுக் கூட்டமும் ஒரே குரலில் ஓதுகின்றது!

இங்கே நகைக்கப்படுவது யாது? பேதைமையே என்பார் ஒரு சாரார். பைதன் குழுவினர் சொன்னதும் அதுவே. நெறியாளர் ஜோன்ஸ் இதனை இன்னும் நுட்பமாக விளக்கினார். இப்படம் தெய்வ நிந்தனையன்று, ஏனெனில் கிறிஸ்துவின் கதையை அது மறுக்கவில்லை. திருச்சபை என்னும் அமைப்பைக் கேள்விக்குள்ளாக்குவதால் வேண்டுமானால் இதனைச் சமயப் பிறழ்வு என்று அழைக்கலாம் என்பது அவருடைய கருத்து.

படம் 1979 ஓகஸ்ட் 17ஆந் தேதி நியூ யோர்க்கில் வெளியானது. முதலில் எழுந்த எதிர்ப்புக் குரல்களுள் யூத குருமார் சங்கமொன்றின் குரலும் இருந்தது. கத்தோலிக்க உயர்மறைமாவட்டமும் லூதரன் திருச்சபையினரும் கண்டனம் தெரிவித்தனர். கன்னியாஸ்திரிகளும் யூத குருமாரும் ஒரே வீதியில் பதாகை ஏந்தி நின்ற காட்சியை அந்நகர் கண்டது. வேறெதிலும் ஒன்றுபடாதவர்களை ஒரு நகைச்சுவைப் படம் ஒன்றுபடுத்திற்று! தென் கரொலைனா மாநிலத்துக் கொலம்பியா நகரிலே, செனற்றர் ஸ்ட்ரொம் தேர்மண்ட் தலையிட்டதைத் தொடர்ந்து படமாளிகையொன்று காட்சியை நிறுத்திற்று. நிறுத்தியதைக் கண்டித்து அந்நகரில் வேறொரு கூட்டத்தார் பதாகை ஏந்தினர். எதிர்ப்பே விளம்பரமாயிற்று, மக்கள் படமாளிகைகளுக்குத் திரண்டனர்.

பிரித்தானியாவில் நிலைமை சற்று வேறானது. அங்கே தெய்வ நிந்தனைச் சட்டம் உயிரோடிருந்தது. அச்சட்டம் கிறிஸ்தவ சமயத்துக்கு மட்டுமே காவலாக நின்றது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக உறங்கிக் கிடந்த அது, 1977இல் ஒரு சஞ்சிகை ஆசிரியருக்கு எதிராக எழுப்பப்பட்டு அவரைக் குற்றவாளியாக்கியிருந்தது. ஆதலால் தணிக்கைச் சபையினர் சட்ட வல்லுநரிடம் ஆலோசனை பெற்றனர். நிந்தனையில்லை என்று தெளிந்தபின், பதினான்கு வயதுக்கு மேற்பட்டோர் பார்க்கலாம் என்று, ஒரு காட்சியையும் வெட்டாமல் அனுமதித்தனர். ஆயினும் அந்நாட்டிலே இறுதி அதிகாரம் உள்ளூராட்சி மன்றங்களுக்கே உண்டு. 39 மன்றங்கள் படத்தை அடியோடு தடைசெய்தன அல்லது வளர்ந்தோர்க்கு மட்டும் என்று வரம்பிட்டன. அவற்றுட் சில படத்தைப் பாராமலே தீர்ப்பளித்தன. தம் எல்லைக்குள் ஒரு படமாளிகைதானும் இல்லாத மன்றங்களும் தடைவிதித்தன என்றால் என்ன சொல்வது! தடையிருந்த ஊர்களின் மக்கள் பேருந்து பிடித்து அடுத்த ஊருக்குச் சென்று படம் பார்த்துத் திரும்பினர்.

அயர்லாந்து 1987 வரை படத்தைத் தடுத்து வைத்திருந்தது. நோர்வே 1980இல் தடைசெய்தது. அண்டை நாடான சுவீடனிலோ, நோர்வேயில் தடைசெய்யும் அளவுக்குச் சிரிப்பூட்டும் படம் என்றே விளம்பரம் செய்தார்கள்!

இவ்வெதிரொலிகளுள் மிகவும் பேசப்பட்டது, 1979 நவம்பர் 9ஆந் தேதி இரவு பீ.பீ.ஸீ. தொலைக்காட்சியில் நடந்த விவாதமாகும். ஒரு பக்கம் ஜோன் கிளீஸும் மைக்கல் பேலினும். மறு பக்கம் எழுத்தாளர் மல்கம் மகறிஜ், சதக் மறைமாவட்ட ஆயர் மேர்வின் ஸ்ரொக்வூட். மகறிஜ் ஒரு காலத்தில் 'பஞ்ச்' என்னும் புகழ்பெற்ற நகைச்சுவை வார இதழின் ஆசிரியராக இருந்தவர். பிற்காலத்தில் கிறிஸ்தவ சமயப் பற்றில் ஆழ்ந்தவர். படத்தைப் பத்தாந்தரமானது என்று அவர் ஒதுக்கினார். ஆயர் ஊதா அங்கியும் பெரிய சிலுவையும் அணிந்து, நாடக மேடைக்குரிய தோரணையிலே பேசினார். பேச்சின் முடிவில், யூதாஸ் பெற்ற முப்பது வெள்ளிக்காசை நினைவூட்டி, அவ்விளைஞர்களுக்கும் அக்கூலி கிடைக்குமென்று கூறினார். எப்போதும் மென்மையாகப் பேசும் பேலினும் அன்று சினங் கொண்டார்.

பின்னர் ஓர் உண்மை வெளிப்பட்டது. அன்று விவாதத்துக்கு முன்னர்ப் படம் திரையிடப்பட்டபோது, ஆயரும் மகறிஜும் பிந்தியே வந்து சேர்ந்தனர். படத்தின் தொடக்கத்தை அவர்கள் காணவில்லை. இயேசு வேறு, பிரையன் வேறு என்று தெளிவாகக் காட்டும் பகுதி அத்தொடக்கமே! பிரையனை இயேசுவின் கேலியுருவம் என்று கொண்டு இலட்சக்கணக்கானோர் முன்னிலையில் அவர்கள் கண்டித்தனர். கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்று பாற்கட்டி என்று கேட்டவர்களை இது நினைவூட்டவில்லையா? படம் எதனை நகைத்ததோ, அதனையே படத்தைக் கண்டித்தவர்கள் தம்மையறியாமல் நடித்துக் காட்டினர்.

இவ்வளவோடு நிறுத்திவிட்டால் வழக்கு எளிதாகத் தீர்ந்துவிடும். சிரித்தவர் அறிவாளர், சினந்தவர் பேதையர் என்று எழுதி ஏட்டை மூடிவிடலாம். அது நீதியாகாது. என் நண்பர் எழுந்து சென்றாரே, அவர் படத்தின் முதற் காட்சியிலிருந்தே பார்த்தவர். குடுவைக்கும் செருப்புக்கும் சிரித்தவர். இறுதிக் காட்சியில் பிரையனோடு மற்றும் பலர் சிலுவைகளிலே கட்டப்பட்டு, வாழ்க்கையின் ஒளிமிக்க பக்கத்தைப் பார்க்கும்படி ஒரு பாட்டைப் பாடுகின்றனர். மரணத்தை எதிர்நோக்கும் மனிதனின் துணிவை நாங்கள் அதிற் கண்டோம். உரோமர் காலத்தில் சிலுவை ஆயிரக்கணக்கானோர்க்கு விதிக்கப்பட்ட தண்டனை என்ற வரலாற்றையும் எடுத்துக் காட்டினோம். அவர் மறுக்கவில்லை. "நீங்கள் சொல்வது எனக்கு விளங்குகிறது. ஆனால் நோயிற் கிடந்து இறந்த என் தாயாரின் கையில் கடைசிவரை இருந்தது அந்தச் சிலுவைதான். அதன்மேல் எவர் பாடினாலும் என்னாற் சிரிக்க முடியவில்லை" என்று மட்டுஞ் சொன்னார். இதற்கு எங்களிடம் விடையிருக்கவில்லை. நகைக்கப்பட்டது பேதைமைதான், ஆனால் புண்பட்டது பேதைமையன்று. எய்தவன் குறி எதுவாயினும், அம்பு தைக்கும் இடத்தை அவனே முற்றாகத் தீர்மானிக்க முடியாது.

ஆனால் என் நண்பர் செய்ததைக் கவனியுங்கள். அவர் தொலைக்காட்சியை நிறுத்தும்படி கேட்கவில்லை. எங்களைச் சிரிக்க வேண்டாமென்றும் சொல்லவில்லை. தாம் எழுந்து சென்றார்; கேட்டபோது காரணம் சொன்னார். முழுவதும் பார்த்து, தம் நோவைத் தம் சொல்லாலே உரைத்த அவருடைய மறுப்பு, நாற்பதுக்குக் கிட்டிய மன்றங்களின் தடையிலும் வலிமை வாய்ந்தது. தடைகளை நாங்கள் எள்ளி நகையாடினோம். அவருடைய சொல்லின் முன் வாயடைத்து நின்றோம்.

காலமும் தன் தீர்ப்பை மெல்ல எழுதிற்று. 1982இல் ஃபோக்லண்ட் போரிலே ஏவுகணையால் தாக்குண்ட 'ஷெஃபீல்ட்' கப்பலின் மாலுமிகள், மீட்பை எதிர்பார்த்திருந்தபோது அச்சிலுவைக் காட்சிப் பாடலையே பாடினர். இன்று அந்நாட்டின் இறுதிச் சடங்குகளில் விரும்பிப் பாடப்படும் பாடல்களுள் அதுவும் ஒன்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தெய்வ நிந்தனைச் சட்டம் 2008இல் நீக்கப்பட்டது. 2009இல், படத்தில் நடித்த சூ ஜோன்ஸ் டேவிஸ் என்னும் அம்மையார், தாம் நகர முதல்வராக இருந்த அபெரிஸ்ற்வித் என்னும் வேல்ஸ் நாட்டு ஊரிலே அதனைத் திரையிடச் செய்தார். இலண்டன் கிங்ஸ் கல்லூரி 2014இல் ஆய்வரங்கு ஒன்றைக் கூட்டியது. இயேசுவின் காலத்து யூதேயாவை விளங்கிக்கொள்ள இப்படம் எவ்வாறு துணைசெய்கின்றது என்று விவிலிய அறிஞர்கள் ஆராய்ந்தனர். முப்பத்தைந்து ஆண்டுகளில், வீதியில் பதாகைக்கு இலக்கான படம் பல்கலைக்கழக மண்டபத்தில் பாடமாயிற்று. கிறிஸ்தவ சமயமோ எக்குறையுமின்றி முன்போலவே நிற்கின்றது.

வகுப்பறையிலே மாணவர் இதுபோன்ற வினாக்களை எழுப்பும்போது, தீர்ப்புக்கு முன் மூன்றைக் கேட்குமாறு நான் சொல்வதுண்டு. முழுவதையும் கண்டேனா? நகைக்கப்படுவது தெய்வமா, தெய்வத்தின் பெயரால் நடக்கும் பேதைமையா? இதனாற் புண்படுபவன் எவன், அவன் சொல்வதைச் செவிமடுத்தேனா? முதலிரண்டும் சினங் கொள்பவன் கேட்க வேண்டியவை. மூன்றாவது சிரிப்பவன் கேட்க வேண்டியது. இம்மூன்றனுள் எனக்கு மிகவும் கடினமாக இருப்பது மூன்றாவதே. அன்று விறாந்தையில் நின்ற நண்பரிடம் நாங்கள் உடனே சென்று கேட்கவில்லை. படம் முடிந்து, சிரித்து ஓய்ந்த பின்னரே சென்று கேட்டோம்.