மழை ஓய்ந்த பின் கானுலா: புறப்படும் முன் ஒரு கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன், தென்மேற்குப் பருவமழை ஓயும் தறுவாயில், அடுகோடியில் நாம் பணியாற்றிய கிளைக்குப் பெரியவர் ஒருவர் வந்தார். தொழிற்சாலைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். பேரப்பிள்ளைகளுக்குக் காட்டு யானைகளைக் காட்டுவதற்காக, மாதம் 2,000 ரூபாய் வீதம் ஒன்பது மாதங்கள் தொடர் வைப்பில் சேமித்தவர்.

கைப்பேசியை நீட்டி, “சார், ரூம், சஃபாரி ரெண்டுக்கும் பணம் கட்டிட்டேன். ரசீது வரலை, போனும் எடுக்க மாட்டேங்கிறாங்க” என்றார்.

புலிப் படமும் அரசு முத்திரை போன்ற ஒன்றும் தாங்கிய போலி இணையதளம் அது. பணம் தனிநபர் ஒருவரின் கணக்கிற்குச் சென்றிருந்தது. உடனே 1930 என்ற எண்ணில் புகார் பதிவு செய்ய உதவினோம். அன்றே புகார் அளித்ததால் ஒரு பகுதித் தொகை முடக்கப்பட்டுப் பின்னர் திரும்பி வந்தது, எஞ்சியது போனதுதான். வாடிக்கையாளர் எவருக்கும் அந்த நிலை வரக்கூடாது என்பதற்காகவே இக்கட்டுரை.

எங்கே, எப்போது?

மத்தியப் பிரதேசத்தின் கன்ஹா, பாந்தவ்கர் போன்ற புலிகள் காப்பகங்களின் மையப்பகுதிகள் ஜூலை முதல் செப்டம்பர் வரை மூடப்பட்டு, அக்டோபரில் மீண்டும் திறக்கப்படுகின்றன. நமக்கு அண்மையிலுள்ள பண்டிப்பூர், நாகரஹொளே காடுகளில் இத்தகைய மழைக்கால விடுமுறை வழக்கத்தில் இல்லை. எனினும் பருவத்தை அறிந்து செல்வது நல்லது. அக்டோபரில் காடு முழுப் பசுமையுடன் விளங்கும். அதே வேளையில் புல்லும் உண்ணிச்செடியும் உயர்ந்து நிற்கும். குட்டைகள் எங்கும் நீர் இருப்பதால் விலங்குகள் ஓரிடத்தில் கூட வேண்டிய தேவையும் இராது. கபினி நீர்த்தேக்கத்தின் கரையில் யானைகள் பெருந்திரளாகக் கூடுவது, நீர் வற்றிக் கரையில் புல் தளிர்க்கும் கோடையில்தான். புலியோ யானைக் கூட்டமோ உறுதியாகத் தென்படும் என்று கூறி அக்டோபரில் பணம் கேட்பவரை ஐயத்துடனே நோக்க வேண்டும்.

சிறு குழந்தைகளுடன் முதன்முறை செல்வோர் பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவிலிருந்து தொடங்கலாம். அடுகோடியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர், செவ்வாய்க்கிழமை விடுமுறை.

செலவைத் திட்டமிடுதல்

பெங்களூருவிலிருந்து பண்டிப்பூர் ஏறத்தாழ 220 கிலோமீட்டர். எரிபொருள், சுங்கக் கட்டணம், தங்குமிடம், சஃபாரிக் கட்டணம், உணவு ஆகியவற்றைத் தனித்தனியே எழுதி, மொத்தத்துடன் பத்தில் ஒரு பங்கைக் கூடுதலாக ஒதுக்குங்கள். டிசம்பரில் தொடர் வைப்புத் தொடங்கி ஒன்பது தவணை செலுத்தினால், செப்டம்பரில் முதிர்வுத் தொகை வட்டியுடன் கைக்கு வரும். கடன் அட்டையை நாட வேண்டியிராது. தசரா நாள்களில் மைசூரு நிரம்பி வழியும், அறை வாடகையும் உயரும். அதற்கடுத்த வார நாள்களில் செல்வது சிக்கனம்.

பணம் செலுத்தும் முன்

தேடுபொறியின் விளம்பர இணைப்பு வழியே முன்பதிவு செய்யாதீர். வனத்துறை அல்லது கர்நாடக அரசு நிறுவனமான ஜங்கிள் லாட்ஜஸ் ஆகியவற்றின் இணையதள முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். யுபிஐ திரையில் தோன்றும் பெறுநர் பெயர் தனிநபருடையதாயின் அங்கேயே நிறுத்துங்கள். பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. ஏமாந்தது தெரிந்தால் தயங்காது 1930-ஐ அழையுங்கள். பிறகு வங்கிக்கும் தெரிவியுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் மதிப்புடையது.

ரத்து விதிகளையும் படித்துக்கொள்ளுங்கள். 2025 நவம்பரில் புலி தாக்கி மனித உயிர்கள் பலியானதையடுத்து, பண்டிப்பூர், நாகரஹொளே சஃபாரிகளைக் கர்நாடக அரசு நிறுத்தி வைத்தது. காட்டோர மக்களின் பாதுகாப்பே முதன்மை. நமது உல்லாசம் பின்னர்தான். ஆகவே சஃபாரி நடைபெறுகிறதா என்பதை முன்பதிவின்போதும் புறப்படுமுன்னும் உறுதிசெய்துகொள்வது அவசியம்.

வழியில்

பண்டிப்பூர் வழியே செல்லும் தேசிய நெடுஞ்சாலை 766-இல் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனப் போக்குவரத்துக்குத் தடை உண்டு. காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்துவதோ குரங்குகளுக்கு உணவளிப்பதோ கூடாது. கைப்பேசித் தொடர்பு கிடைக்காத இடங்களில் யுபிஐ பயன்படாது. குண்டுலுபேட்டையிலேயே தேவையான ரொக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பதிவில் குறிப்பிட்ட அடையாள அட்டைகளின் மூலப்படிகளும் உடனிருக்கட்டும்.

அந்தப் பெரியவர் மீண்டும் தொடர் வைப்புத் தொடங்கினார். மறு ஆண்டு நவம்பரில் பண்டிப்பூர் சென்று திரும்பியவர், நேரே நமது கிளைக்கு வந்தார். “புலியைப் பார்க்கலை, சார். குட்டியோட ஒரு யானை ரோட்டைக் கடந்து போச்சு. பிள்ளைங்க மூச்சே விடலை” என்றார். கணக்குப் புத்தகத்தைப் பதிவுக்கு நீட்டியபோது, அடுத்த பயணத்திற்கான முதல் தவணையையும் உடன் வைத்தார்.