காற்றுக்கு முகம் கொடுக்கும் அம்பு

காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று காட்டும் கருவி காற்றுத் திசைகாட்டி. நிமிர்ந்த கம்பியின் உச்சியில் தடையின்றிச் சுழலும் ஓர் அம்பு, அதன் கீழே நான்கு திசைகளையும் குறிக்கும் அசையாத கைகள். அவ்வளவுதான். அம்பின் வால் அகலமான தகடு, தலை சிறியது. காற்று வாலைத்தான் கூடுதலாகத் தள்ளும். வால் பின்னே ஒதுங்க, தலை காற்று வரும் பக்கம் திரும்பிவிடும். இருபுறமும் எடை சமமாக இருக்க வேண்டும், பரப்பு சமமாக இருக்கக் கூடாது.

குமரி மாவட்டத்து மண்டைக்காடு பகவதி அம்மன் கோயிலில் மாசிக் கொடைக்கு ஏற்றும் கொடியும் காற்றின் திசையைச் சொல்லும், ஆனால் தலைகீழாக. கொடி காற்று போகும் பக்கம் பறக்கும்; அம்பு வரும் பக்கம் பார்க்கும். விமான நிலையத்துக் காற்றுப் பையும் கொடியின் இனம்தான். ஐரோப்பிய தேவாலயக் கோபுரங்களில் அம்புக்குப் பதிலாகச் சேவல் நிற்பதுண்டு. நேரத்துக்கொரு கட்சி பேசுபவரை ஆங்கிலத்தில் அந்தச் சேவலின் பெயரால் ஏசுவார்கள். கருவிக்கு இது அநியாயம். காற்றடிக்கும் பக்கம் சாய்வது கொடி. சேவல் காற்றுக்கு முகம் கொடுத்தல்லவா நிற்கிறது!

தமிழில் காற்றுக்குப் பெயர் வைத்ததும் அம்பின் முறைப்படியே. வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. வானிலை நிலையங்கள் இதையே பாகையில் எழுதுகின்றன: கொண்டல் 90, தென்றல் 180, கோடை 270, வாடை 360.

மண்டைக்காட்டுக் கரை தென்மேற்கைப் பார்த்தது. பருவக்காற்று ஓங்காத நாட்களில், பகலில் சூடேறிய மணலை நோக்கிக் கடற்காற்று வரும். இரவில் நிலம் ஆறியதும் காற்று கரையிலிருந்து கடலுக்குத் திரும்பும். அங்கே ஒரு திசைகாட்டியை நட்டால் ஒரே நாளில் முழுதாகப் புறம் திரும்பிவிடும். ஆனால் தென்னந்தோப்புக்குள் நடக் கூடாது. மரங்களில் மோதிச் சுழலும் காற்றில் அம்பு தடுமாறும். அதனால்தான் திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில் வைப்பது உலக வழக்கம்.

திசை மாறுவதே சில வேளைகளில் பெரிய செய்தி. நமது வடகோளத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுழலும். காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் புயலின் மையம் ஏறத்தாழ இடப்பக்கம் இருக்கும். மையம் தெற்கே இருந்தால் கரையில் கொண்டல் வீசும். மையம் மேற்கே நகர நகர, காற்று தெற்கிலிருந்து வரத் தொடங்கும். 2017 நவம்பர் 30 அன்று குமரிக்குத் தெற்கே கடந்து அரபிக்கடலுக்குள் போன ஒக்கி புயலின் பாதை இப்படிப்பட்டதுதான்.

இதே மாவட்டத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தலில், காற்றாலைகளின் உச்சிப் பெட்டியின் பின்புறம் சிறிய திசைகாட்டி உட்கார்ந்திருக்கும். இறக்கைகள் காற்றுக்கு நேராக நின்றால்தான் மின்சாரம் முழுதாகக் கிடைக்கும். அம்பு துடிக்கும்போதெல்லாம் டன் கணக்கான பெட்டியைத் திருப்ப முடியாது. கட்டுப்பாட்டுக் கருவி சற்று நேரத்துச் சராசரியைப் பார்த்துவிட்டே மோட்டாரை இயக்கும். ஒரே பக்கமாகச் சில சுற்று திரும்பிவிட்டால் கோபுரத்துக்குள் தொங்கும் மின்கம்பிகள் முறுக்கிக்கொள்ளும். அப்போது இயந்திரம் மின் உற்பத்தியை நிறுத்திவிட்டு, எதிர்ப்பக்கம் சுற்றி முறுக்கை அவிழ்த்த பிறகே மறுபடி காற்றைப் பார்க்கும்.