நடக்காத விபத்தை அளப்பது எப்படி?

2024 பிப்ரவரியில் டெஸ்லா அமெரிக்காவில் ஏறத்தாழ 22 லட்சம் கார்களை ரீகால் செய்தது. காரணம், திரையில் வரும் பிரேக், பார்க், ஏபிஎஸ் எச்சரிக்கைகளின் எழுத்து சின்னதா இருந்தது. விதிப்படி எழுத்து குறைந்தது 3.2 மில்லிமீட்டர் உயரம் இருக்கணும். சாஃப்ட்வேர் அப்டேட் அனுப்பிச் சரி செய்துவிட்டார்கள். இணையத்தில் பலர் இதைக் கிண்டல் செய்தார்கள். எனக்கு வந்த கேள்வி வேற: எழுத்தோட உயரத்தைப் போய் யார் அளந்தாங்க?

அளந்தது என்எச்டிஎஸ்ஏ, அதாவது அமெரிக்க மத்திய அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு. வழக்கமான தணிக்கையில் ஒரு மாடல் ஒய் காரைப் பார்த்தபோது கண்ணில் பட்டிருக்கு. கவனிக்க வேண்டியது என்னன்னா, அந்தக் கார்கள் எல்லாம் அப்போ ஏற்கெனவே சாலையில் ஓடிக்கொண்டிருந்தன. அமெரிக்காவில் ஒரு காரை விற்பதற்கு முன்னால் அரசாங்கம் சோதித்து அனுமதி கொடுப்பதில்லை. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் முதலில் மாதிரி வண்டியைச் சோதனைக்கூடத்தில் காட்டிச் சான்றிதழ் வாங்கணும், பிறகுதான் விற்பனை. அங்கே தயாரிப்பாளரே 'எல்லா விதிகளுக்கும் பொருந்துகிறது' என்று உறுதி சொல்லி, ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார். பிறகு என்எச்டிஎஸ்ஏ நம்மைப் போல ஷோரூமில் காசு கொடுத்துச் சில வண்டிகளை வாங்கி, ஒப்பந்தச் சோதனைக்கூடங்களில் சோதிக்கும். பொருந்தவில்லை என்றால் ரீகால், இலவசப் பழுதுபார்ப்பு, தேவைப்பட்டால் அபராதம். சந்தைக்கு வரும் வண்டிகளில் ஒரு சிறு பங்கைத்தான் இப்படிச் சோதிக்க முடியும். மீதிக்கு, மாட்டிக்கொள்வோமோ என்ற பயம்தான் காவல்.

இந்த விதிகளின் வேர் 1966-ல் வந்த சட்டம். ரால்ஃப் நாடர் கார் கம்பெனிகளைக் கிழித்து எழுதிய புத்தகம் அதற்கு முந்தின வருஷம் வெளியாகியிருந்தது. முதல் தொகுதி விதிகள் 1968 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தன. எண்களை வைத்தே அவற்றைப் பிரித்துவிடலாம். 200 வரிசை, மோதும்போது உள்ளே இருப்பவரைக் காப்பது. 300 வரிசை, மோதின பிறகு தீப்பிடிக்காமல் பார்ப்பது. 100 வரிசை, மோதவே விடாமல் தடுப்பது: பிரேக், விளக்கு, கண்ணாடி, டயர் காற்றழுத்தம் எல்லாம் இதில் வரும்.

200 வரிசைச் சோதனையை எல்லாரும் வீடியோவில் பார்த்திருப்போம். சுவர், கார், பொம்மை மனிதன், டமால். நெஞ்சு எவ்வளவு அமுங்கியது என்று பொம்மைக்குள் இருக்கும் சென்ஸார் சொல்லிவிடும். 100 வரிசையில் அந்த வசதி கிடையாது. வெற்றி என்றால் அங்கே எதுவுமே நடக்காது. எதுவும் நடக்காததை எப்படி எண்ணாக மாற்றுவது?

சில விஷயங்களில் இது சுலபம். கார் பிரேக்குக்கான விதி எண் 135. முதலில் 200 முறை பிரேக் போட்டுப் போட்டுப் பட்டைகளைப் பழக்குவார்கள். பிறகு மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து 70 மீட்டருக்குள் நிற்க வேண்டும். மிதிக்கும் விசை 500 நியூட்டனைத் தாண்டக் கூடாது, கிட்டத்தட்ட 50 கிலோ எடையின் அழுத்தம். பயில்வான் காலால் மட்டும் நிற்கும் காரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பின்பக்கக் கேமராவுக்கான விதியும் அப்படித்தான்: காருக்குப் பின்னால் 80 செ.மீ. உயர உருளைகளை நிறுத்தி, ரிவர்ஸ் போட்ட 2 விநாடிக்குள் அவை திரையில் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். 80 செ.மீ. என்பது தத்தி நடக்கும் குழந்தையின் உயரம். சொந்த வீட்டு வாசலில், பல நேரம் பெற்றவர்களே ஓட்டிய காரில் குழந்தைகள் அடிபட்டு இறந்ததால் வந்த விதி இது. சட்டம் 2008-ல் வந்தது, எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமானது 2018 மே மாதம். பத்து வருஷம்!

எனக்குப் பிடித்தது 126-ஆம் விதி. கார் சறுக்கிச் சுழலாமல் தடுக்கும் இஎஸ்சி பற்றியது. 1997-ல் ஸ்வீடனில் ஒரு பத்திரிகைக்காரர்கள் செய்த சோதனையில் மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் கவிழ்ந்தது ஞாபகம் இருக்கலாம். சாலையில் திடீரென்று கடமான் குறுக்கே வந்தால் ஒடித்துத் திருப்புவது போன்ற சோதனை அது. அதற்குப் பிறகுதான் அந்தச் சின்னக் காரில் இஎஸ்சி எல்லாருக்குமானதாக ஆனது. ஆனால் அந்தச் சோதனையில் ஸ்டியரிங் மனிதர் கையில் இருக்கிறது. கைதேர்ந்தவர் தப்பித்துவிடுவார், இன்னொருவர் கவிழ்த்துவிடுவார். விதி என்று வந்தால் அது போதாது, நீதிமன்றத்தில் நிற்காது.

அதனால் ஸ்டியரிங்கை ரோபோ கையில் கொடுத்தார்கள். முதலில் 80 கி.மீ. வேகத்தில் மெதுவாகத் திருப்பி, பக்கவாட்டு முடுக்கம் 0.3 ஜி வருவதற்கு எத்தனை டிகிரி வேண்டும் என்று கண்டுபிடிப்பார்கள். ஒவ்வொரு காருக்கும் இது மாறும். அதுதான் அந்தக் காரின் அளவுகோல். பிறகு உண்மையான சோதனை: ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு கார் 80-ல் உருளும்போது ரோபோ ஒரு பக்கம் வெட்டி, உடனே மறுபக்கம் வெட்டி, அந்த உச்சியில் அரை விநாடி பிடித்து, நேராக்கிவிடும். மொத்தம் இரண்டு விநாடிகூட ஆகாது. அளவுகோலைப் போல ஒன்றரை மடங்கில் தொடங்கி ஒவ்வொரு ஓட்டத்திலும் அரை மடங்கு கூட்டிக்கொண்டே போய், கடைசியில் 270 முதல் 300 டிகிரி வரை திருப்புவார்கள். முக்கால் சுற்றுக்கும் மேல்! எஸ்யூவி என்றால் கவிழாமல் இருக்க இரண்டு பக்கமும் தாங்கு கைகள் பொருத்திவிடுவார்கள்.

தேர்ச்சி எப்படி? ஸ்டியரிங் நேரான பிறகும் கார் சுழன்றுகொண்டே இருந்தால் அது சறுக்கல். எனவே நேரான 1 விநாடியில் சுழற்சி வேகம் உச்சத்தின் 35 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, 1.75 விநாடியில் 20 சதவீதத்துக்கு மேல் கூடாது. அழகு.

ஆனா இதில் ஒரு ஓட்டை இருக்கு. பரீட்சையில் பாஸ் ஆவதற்குச் சுலபமான வழி, திரும்பவே மறுக்கும் கார். நீங்கள் எவ்வளவு வெட்டினாலும் பிரேக்கைப் பிடித்து நேராகவே போகிற கார் சுழலவே சுழலாது. கடமான் மேல் நேராகப் போய் மோதும், அவ்வளவுதான். அதனால்தான் இரண்டாவது நிபந்தனை: பெரிய திருப்பங்களில், தொடங்கிய 1.07 விநாடிக்குள் கார் குறைந்தது 1.83 மீட்டர், அதாவது ஆறடி, பக்கவாட்டில் நகர்ந்திருக்க வேண்டும். 3,500 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிக்கு ஐந்தடி. சுழலவும் கூடாது, சொன்ன பேச்சைக் கேட்காமல் இருக்கவும் கூடாது.

ஒரே ஒரு எண்ணை மட்டும் வைத்தால் பொறியாளர்கள் அந்த எண்ணுக்காகவே காரைச் செய்துவிடுவார்கள். இந்த விதியை எழுதியவர்களுக்கு அது தெரிஞ்சிருக்கு. எல்லா இடத்திலும் அவர்களால் இப்படிச் செய்ய முடியவில்லை என்பதையும் சொல்லணும். வளைவில் திருப்பியும் கார் திரும்பாமல் வெளியே வழுக்கிப் போவதற்கு எதிராக, சரியான சோதனை எதுவும் அகப்படவில்லை. அந்தத் திறன் இருப்பதை ஆவணமாகக் காட்டச் சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். சோதனை நடப்பதும் காய்ந்த, நல்ல பிடிப்புள்ள தளத்தில்தான். மழையில் வழவழத்த சாலையில் தேய்ந்த டயரோடு என்ன ஆகும் என்பதை இந்த எண்கள் சொல்வதில்லை. ஈரத் தளத்தில் ஒவ்வொரு நாளும் ஒரே பிடிப்பைக் கொண்டுவருவது கஷ்டம் என்பது புரிகிறது. இருந்தாலும் எனக்கு உறுத்துகிறது.

பலன் சின்னதல்ல. 2007-ல் விதியை அறிவித்தபோது, தனி வண்டி விபத்துகள் கார்களில் 34 சதவீதமும் எஸ்யூவிகளில் 59 சதவீதமும் குறையும் என்று என்எச்டிஎஸ்ஏ கணித்தது. எல்லா வண்டிகளிலும் வந்த பிறகு ஆண்டுக்கு 5,300 முதல் 9,600 உயிர்கள் பிழைக்கும் என்றும் சொன்னது. 2011 செப்டம்பரிலிருந்து அமெரிக்காவில் எல்லா இலகு ரக வண்டிகளுக்கும் இது கட்டாயம்.

அடுத்த பெரிய விதி 127, தானாகப் பிரேக் போடும் வசதி. 2024-ல் வெளியான விதி 2029 செப்டம்பரைக் கெடுவாக வைத்தது. முன்னால் உள்ள வண்டியில் படாமல் 100 கி.மீ. வேகம் வரை கார் தானாக நிற்க வேண்டும், பாதசாரியை இருட்டிலும் கண்டுபிடிக்க வேண்டும். கெடு கட்டுப்படியாகாது என்று கார் கம்பெனிகளின் சங்கம் வழக்குப் போட்டது. நான் முதலில் தேடிப் பார்த்தது இதிலும் அந்த இரண்டாவது நிபந்தனை இருக்கிறதா என்றுதான். ஏன்னா, எதைப் பார்த்தாலும் பிரேக் போடும் கார் எல்லா மோதல் சோதனையிலும் பாஸ் ஆகிவிடும், நெடுஞ்சாலையில் பின்னால் வருபவர்தான் வந்து இடிப்பார். இருக்கு. சாலைப் பள்ளத்தை மூடும் பெரிய இரும்புத் தகடு ஒன்றைத் தரையில் போட்டு, அதன் மேல் காரை ஓட்டுகிறார்கள். ரேடாருக்கு அது பெரிய தடையாகத் தெரியும். இன்னொரு சோதனையில், நிறுத்திய இரண்டு கார்களுக்கு நடுவே ஓட்டுகிறார்கள். இரண்டிலும் கார் தானாகப் போடும் பிரேக் 0.25 ஜி-யைத் தாண்டினால் ஃபெயில்.