பழைய பில் மென்பொருளும் புதிய வரி விகிதமும்

மீனாட்சிபுரம் எல்லை ஊர். கேரளத்துக்குள் விற்றால் மத்திய, மாநில ஜி.எஸ்.டி. பாதிப் பாதி, பக்கத்துப் பொள்ளாச்சிக்கு அனுப்பினால் ஐ.ஜி.எஸ்.டி. கேரளத்தின் எண் 32, தமிழ்நாட்டின் எண் 33. 2017 ஜூலை 1 முதல் இதுதான் முறை.

பழைய பில் மென்பொருள் சிலவற்றில் வரி விகிதம் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். 2025 செப்டம்பர் 22 அன்று நெய், வெண்ணெய்க்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்கியது. நிரல் எழுதிய பிள்ளையாண்டான் எந்த ஊரில் இருக்கிறானோ! அதற்காகக் கடையை மூடவா முடியும்?

வழி உண்டு, அன்பர்களே. மாறக்கூடிய சங்கதிகளான விகிதம், மாநில எண் ஆகியவற்றை நிரலிலிருந்து பிரித்துத் தனி அமைப்புக் கோப்பில் வைக்க வேண்டும். இது ஒருமுறை செய்யும் வேலை. டாட்நெட்டில் எழுதிய பழைய மென்பொருளானால், 2017-இல் வந்த 4.7.1 பதிப்பின் 'கான்ஃபிகரேஷன் பில்டர்' வெளிக்கோப்பிலிருந்து மதிப்பை எடுத்துக் கொடுக்கும். நிரல் அமைப்பைக் கேட்கும் விதம் மாறாது. பதில் வரும் இடம்தான் மாறும்.

ஒன்று மட்டும் கவனம்: பழைய விகிதத்தை அழிச்சிடக் கூடாது. எந்தத் தேதி முதல் எந்த விகிதம் என்று இரண்டையும் வைக்கணும். செப்டம்பர் 10-இல் விற்ற நெய் திரும்பி வந்தால், வரவுக் குறிப்பு 12 சதவீதத்தில்தான் போட வேண்டும். கோப்பைத் திருத்துமுன் ஒரு நகல் எடுத்து வையுங்கள். பேரேடு புதிதானாலும் பழைய பக்கத்தைக் கிழிப்பது வியாபாரிக்கு அழகல்லவே.