செம்புராங்கல்லும் மூன்றாம் குரூப்பும்

பி.எஸ்சி. வேதியியல் முதல் வருடம் படிக்கிற பிள்ளைகளிடம் பேசிப் பாருங்கள். கரிம வேதியியல் கஷ்டம், ஆனா புரிஞ்சா விடாது என்பார்கள். இயற்பியல் வேதியியல் என்றால் கணக்கு. கனிம வேதியியல் பற்றிக் கேட்டால் மட்டும் ஒரே பதில்தான்: "அது முழுக்க மனப்பாடம் சார்." எங்க பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் புதுக்கோட்டை மன்னர் கல்லூரிக்குத்தான் போகிறார்கள். பலரும் வீட்டில் முதல் பட்டதாரிகள். மனப்பாடம்னு முடிவு செஞ்சிட்டா அந்தப் பாடம் அன்றோடு செத்துப்போகும். அதனால்தான் இந்தக் குறிப்பு.

நான் பி.இ. படித்து மென்பொருள் வேலையில் இருப்பவன். கனிம வேதியியல் புத்தகத்தைக் கையில் எடுத்தது நாற்பது வயதுக்கு மேல், அதுவும் வல்லத்திராக்கோட்டையின் சிவப்பு மண் ஏன் சிவப்பு என்ற கேள்வியால்.

எங்க ஊரைச் சுற்றி எங்கே தோண்டினாலும் செம்புராங்கல்தான். தோண்டும்போது மண்வெட்டிக்கு வெட்டுப்படும், காற்றுப்பட்டு வெயிலில் கிடந்தால் இறுகிப்போகும். 1807-ல் பிரான்சிஸ் புக்கானன் கேரளத்தின் அங்காடிப்புரத்தில் இதே மாதிரிக் கல்லைச் செங்கல் போல வெட்டி வீடு கட்டுவதைப் பார்த்துத்தான், செங்கல்லுக்கான லத்தீன் சொல்லை வைத்து 'லேட்டரைட்' என்று பெயர் கொடுத்தார். உலகம் முழுக்க நிலவியல் புத்தகங்களில் இருக்கும் அந்தப் பெயர் நம்ம தென்னாட்டுக் கல்லைப் பார்த்து வைத்தது.

இந்தக் கல்லில் இருப்பது பெரும்பாலும் இரும்பு ஆக்சைடும் அலுமினிய ஆக்சைடும், கூடவே கொஞ்சம் களிமண்ணும் குவார்ட்ஸ் மணலும். மூலப் பாறையில் சோடியம், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் எல்லாமே இருந்திருக்கும். அதெல்லாம் எங்கே? லட்சக்கணக்கான வருட மழையில் கரைந்து கடலுக்குப் போயிடுச்சு. இரும்பும் அலுமினியமும் மட்டும் ஏன் போகவில்லை?

இதற்கு விடை முதல் வருடப் பாடத்திலேயே இருக்கிறது. அயனியின் மின்சுமையை அதன் ஆரத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். 'அயனிப் பொட்டன்ஷியல்' என்று சொல்வார்கள். ஆரத்தை ஆங்ஸ்ட்ராமில் எடுத்துக்கொள்வோம். சோடியம்: 1-ஐ 1.02-ஆல் வகுத்தால் சுமார் 1. கால்சியம் 2. மெக்னீசியம் 2.8. மூன்று பிளஸ் இரும்பு (3-ஐ 0.645-ஆல்) 4.7. அலுமினியம் (3-ஐ 0.535-ஆல்) 5.6.

சின்ன உருவத்தில் நிறைய மின்சுமை இருந்தால், சுற்றியுள்ள தண்ணீர் மூலக்கூறின் ஆக்சிஜனை அயனி பலமாகத் தன் பக்கம் இழுக்கும். அந்த இழுப்பில் தண்ணீரின் ஹைட்ரஜன் பிடி தளர்ந்து கழன்றுபோகும். மிச்சம் ஹைட்ராக்சைடு, அது கரையாமல் படிந்துவிடும். நார்வேயில் வாழ்ந்த கோல்ட்ஷ்மிட் இந்த எண்ணை வைத்தே தனிமங்களைப் பிரித்துப் பார்த்தார். சுமார் 3-க்குக் கீழே இருந்தால் தண்ணீரோடு போகும். 3-லிருந்து 10 வரை என்றால் அங்கேயே படியும். அதற்கும் மேலே போனால் சல்ஃபேட், நைட்ரேட் மாதிரி எதிர் அயனியாகி மறுபடி கரையும். சிலிக்கான் எல்லைக்கோட்டில் நிற்கிற ஆள். கனிமங்களிலிருந்து அவிழ்ந்த சிலிக்கா கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும், ஆனா குவார்ட்ஸ் மணல் அப்படியே கிடக்கும். செம்புராங்கல்லை உடைத்தால் கண்ணிலேயே தெரியும்.

சரி, இரண்டு பிளஸ் இரும்பு? 2-ஐ 0.78-ஆல் வகுத்தால் 2.6. கோட்டுக்குக் கீழே! அதனால் அது கரையும், நகரும். சில ஊர்களில் போர் தண்ணீர் குடத்தில் பிடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருந்து, மறுநாள் அடியில் செம்பழுப்பாகப் படிவது இதனால்தான். மண்ணுக்கு அடியில் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் இரண்டு பிளஸாகக் கரைந்திருந்த இரும்பு, காற்றுப்பட்டதும் மூன்று பிளஸாகிப் படிந்துவிடுகிறது.

இந்த எண் எல்லாவற்றையும் சொல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதன்படி அலுமினியம்தான் தண்ணீரை அதிகம் உடைக்க வேண்டும். உண்மையில் இரும்புதான் முந்துகிறது. அமிலத்தன்மையை அளக்கும் பி.கே.ஏ. அலுமினிய அயனிக்கு சுமார் 5, வினிகர் அளவு. மூன்று பிளஸ் இரும்புக்கு 2.2, வினிகரைவிடப் பல மடங்கு வலுவான அமிலம். இரும்பின் டி எலெக்ட்ரான்களும் சகப்பிணைப்பும் இங்கே உள்ளே வருகின்றன. நல்ல மாடல் எங்கே உடைகிறதோ அங்கேதான் அடுத்த அத்தியாயம் ஆரம்பிக்கும்.

இப்போது சால்ட் அனாலிசிஸுக்கு வாருங்கள். பிள்ளைகள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். மூன்றாம் குரூப்: நைட்ரிக் அமிலம் சில சொட்டு விட்டுக் கொதிக்க வை, அம்மோனியம் குளோரைடு போடு, அம்மோனியம் ஹைட்ராக்சைடு ஊற்று. செம்பழுப்பு வந்தால் இரும்பு, வெள்ளை ஜெல்லி மாதிரி வந்தால் அலுமினியம். பதிவேட்டில் இதை அப்படியே எழுதிக்கொண்டு போகிறோம்.

நைட்ரிக் அமிலம் எதற்கு? முந்தின குரூப்பில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இரும்பை இரண்டு பிளஸாக இறக்கிவிட்டது, அதைத் திரும்ப மூன்றாக ஏற்ற. குடத்தில் காற்று செய்த வேலைதான். அம்மோனியம் குளோரைடு எதற்கு? பி.எச்.-ஐ 9 பக்கம் அடக்கிவைக்க. மெக்னீசியம் ஹைட்ராக்சைடின் கரைதிறன் பெருக்கம் சுமார் 10-ன் மைனஸ் 11-ஆம் அடுக்கு. இரும்பு மூன்று ஹைட்ராக்சைடுக்கு மைனஸ் 38 பக்கம். இவ்வளவு இடைவெளி இருப்பதால், ஹைட்ராக்சைடைக் கொஞ்சமாக வைத்தாலே இரும்பும் அலுமினியமும் விழுந்துவிடும், மெக்னீசியம் தண்ணீரிலேயே நிற்கும். சோதனைக்குழாயில் பத்து நிமிஷத்தில் நாம் பிரிப்பதைத்தான் மழை லட்சம் வருடமாக எங்க ஊரில் பிரித்திருக்கிறது. வல்லத்திராக்கோட்டையே ஒரு மூன்றாம் குரூப் வீழ்படிவுதான்! (பக்கத்துப் பொற்பனைக்கோட்டையில் 2021-லும் 2023-லும் அகழாய்வு நடந்தது. அந்தப் பகுதியில் பழைய காலத்தில் இரும்பு உருக்கிய தடயங்களும் உண்டு. அதைத் தனியாக எழுதுகிறேன்.)

இது பரீட்சை விஷயம் மட்டுமில்லை. சிவப்பு மண்ணில் உளுந்து, கடலை போடுகிறவர்கள் டி.ஏ.பி. மூட்டையை விலை கொடுத்து வாங்கி மண்ணில் போடுகிறார்கள். மணிச்சத்து பாஸ்பேட்டாகக் கரைந்ததும், கரையாமல் காத்திருக்கும் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்துக்கொள்கின்றன. உரத்தில் ஒரு பங்கு பயிருக்குப் போகாமல் மண்ணிலேயே பூட்டிக்கொள்ளும்.

சூப்பர் பாஸ்பேட்டைத் தொழு உரத்தோடு கலந்து சில வாரம் ஊறவைத்துப் போடச் சொல்வதில் இந்த வேதியியல் இருக்கிறது. தொழு உரத்தின் கரிம அமிலங்கள் இரும்பையும் அலுமினியத்தையும் முதலில் கவ்விக்கொள்ளும், பாஸ்பேட் தப்பிக்கும். பயறு வகைக்குப் பூக்கும் சமயத்தில் 2 சதவீத டி.ஏ.பி. கரைசலை இலைமேல் தெளிக்கச் சொல்வார்கள், லிட்டருக்கு 20 கிராம் கணக்கு. இலை வழியாகப் போனால் மண்ணே குறுக்கே வராது. எங்களுக்குப் பக்கத்தில் வம்பனில் தேசிய பயறு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. முதல் வருடப் பிள்ளைகள் மூன்றாம் குரூப்பைப் படித்துவிட்டு அங்கே ஒரு நாள் போய், மண் மாதிரியின் பி.எச்.-ஐயும் மணிச்சத்து அளவையும் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வரலாம்.