தூண்டலும் துடிப்பும்

மாளிகாவத்தையில் 1986ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பிரேமதாச மைதானத்தை நம்மில் அறியாதார் இலர். கிரிக்கட்டில் பெயில் அசைந்தாற் போதாது. ஸ்டம்பின் உச்சியிலிருந்து முற்றாக நீங்குதல் வேண்டும். இக்காலத்து ஒளிரும் பெயிலும் இரு முனைகளும் நீங்கிய கணத்திலேயே ஒளிரும்.

தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவியின் துடிப்பு வெளியீடும் இத்தகையதே. உள்ளீடு பூச்சியத்திலிருந்து ஒன்றாக மாறும் கணமே தூண்டல். பின்னர் அது நீடிப்பினும் ஒரு துடிப்பே பிறக்கும். நாம் வகுக்க வேண்டியவை மூன்று: எம்மாற்றம் தூண்டல் என்பது, தொடுமுனை அதிர்வைப் புறக்கணிக்கும் காலம், துடிப்பின் நீளம். அதிர்வைப் புறக்கணியாவிடின் ஒரு போத்தல் இரண்டாக எண்ணப்படும். துடிப்பு குறுகின் வால்வு திறவாது; மிக நீளின் அடுத்த போத்தலின் தூண்டல் தவறும்.

தொழிலாளியின் கை இயந்திரத்தினுள் இருக்கையில் பொய்த் தூண்டல் எழின் நேரும் கேடு பெரிது. ஆதலின், காவற்கதவு திறந்திருக்கும்போது இயந்திரம் இயங்காதவாறு தனிப் பூட்டும் அமைத்தல் நம் கடனாகும்.