இரும்பும் கரியும்

உங்கள் வீட்டில் எத்தனை இரும்புச் சாமான்கள் இருக்கின்றன? அரிவாள்மனை, தோசைக்கல், மண்வெட்டி, சைக்கிள். வீட்டுச் சுவருக்குள் கம்பிகூட இருக்கலாம். இவை எல்லாம் மண்ணிலிருந்து வந்தவை. மண்ணிலிருந்து இரும்பைப் பிரிக்க நிலக்கரி வேண்டும். அதனால் ஏராளமான புகை வருகிறது. இந்தப் புகையைக் குறைக்க முடியுமா?

முதலில் இரும்பு எப்படிக் கிடைக்கிறது என்று பார்ப்போம்.

மழையில் கிடந்த மண்வெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதில் துரு ஏறியிருக்கும். ஈரம் பட்ட இரும்போடு காற்றில் உள்ள பிராணவாயு சேர்ந்தால் துரு உண்டாகிறது. சுரங்கத்தில் வெட்டி எடுக்கும் இரும்புத் தாதுவும் ஏறக்குறைய இப்படித்தான். அதிலும் இரும்பும் பிராணவாயுவும் ஒட்டிக் கிடக்கின்றன. பல சுரங்கங்களில் மண்ணின் நிறம்கூடத் துருவின் நிறம்தான்.

இரண்டையும் பிரித்தால்தான் இரும்பு கிடைக்கும். வெறும் சூடு மட்டும் போதாது. பிராணவாயுவைத் தன் பக்கம் இழுக்க ஒரு பொருள் வேண்டும். கரி அந்த வேலையைச் செய்கிறது. அம்மா இடுப்பில் இருக்கும் குழந்தை பாட்டியைக் கண்டதும் தாவும் அல்லவா? அதுபோல, நன்றாகச் சூடான தாதுவில் உள்ள பிராணவாயு இரும்பை விட்டுக் கரியிடம் தாவுகிறது. இரும்பு தனியாக நிற்கிறது. கரியும் பிராணவாயுவும் சேர்ந்து கடைசியில் கரியமில வாயு ஆகின்றன.

ஆகவே, உருக்காலையில் கரிக்கு இரண்டு வேலை. ஒன்று, சூடு கொடுப்பது. இரண்டு, பிராணவாயுவைப் பிரிப்பது. முதல் வேலைக்கு வேறு வழிகள் உண்டு. இரண்டாவது வேலைதான் சிக்கல்.

ஜார்க்கண்ட் மாநிலத்தில் ஜம்ஷெட்பூர் நகரம் இருக்கிறது. முன்பு அது சாக்சி என்ற சிற்றூர். டாடா நிறுவனம் அங்கே ஆலை அமைத்தது. 1912-இல் எஃகு செய்யத் தொடங்கினார்கள். அன்று முதல் அங்கே கரிதான் உலையை நடத்துகிறது. பிலாய், ரூர்கேலா, பொகாரோ ஆலைகளிலும் இதே முறைதான். நிலக்கரியைக் காற்றுப் படாமல் சுட்டுக் கல்கரி ஆக்குவார்கள். தாது, கல்கரி, சுண்ணாம்புக்கல் மூன்றையும் உயரமான ஊதுலையில் மேலிருந்து கொட்டுவார்கள். கீழிருந்து சூடான காற்றை ஊதுவார்கள். அடியில் இரும்பு குழம்பாக ஓடி வரும். அதன் சூடு சுமார் 1500 டிகிரி. தண்ணீர் கொதிக்க 100 டிகிரி போதும். ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம் நாட்டில் ஒரு டன் எஃகு செய்தால், சராசரியாக இரண்டரை டன் கரியமில வாயு வெளியேறுகிறது. எஃகைவிடப் புகையின் எடை அதிகமா என்று வியப்பாக இருக்கும். உண்மைதான். 12 கிலோ கரி எரிந்தால் 44 கிலோ கரியமில வாயு வரும். கரியோடு சேரும் பிராணவாயுவுக்கும் எடை உண்டு அல்லவா?

இந்த வாயு பூமியின் மேல் போர்வை போலப் படர்ந்து சூட்டைத் தேக்குகிறது. பூமி சூடாகிறது. மழை பருவம் தவறுகிறது. நம் நாடு வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இரும்பு, எஃகுத் தொழிலிலிருந்து வருகிறது. எஃகு செய்வதில் நாம் 2018 முதல் உலகில் இரண்டாம் இடத்தில் இருக்கிறோம். பாலம், ரயில், வீடு எல்லாவற்றுக்கும் எஃகு வேண்டும். வேண்டாம் என்று சொல்ல முடியாது.

சில சிக்கனங்கள் முன்பே வந்துவிட்டன. சிவக்கச் சிவக்க வரும் கல்கரியைத் தண்ணீர் ஊற்றி அணைத்தால் அதன் சூடு முழுவதும் வீண். விசாகப்பட்டினம் ஆலையில் நைட்ரஜன் வாயுவைச் செலுத்தி ஆற்றுகிறார்கள். அந்தச் சூட்டில் நீராவி உண்டாக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். ஊதுலையின் கசடு சிமெண்டுக்குப் போகிறது. இவை நல்லவை. ஆனால் கரியின் இரண்டாவது வேலையை இவை தொடவில்லை.

அதைத் தொடும் வழி ஒன்று நம் தெருவிலேயே இருக்கிறது. அதுதான் பழைய இரும்புக் கடை!

பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலம் உண்டு. இன்று எடை போட்டுப் பணம் தருகிறார்கள். உடைந்த வாளி, ஓடாத வண்டி, பழைய கம்பி எல்லாம் அங்கே சேர்கின்றன. இவற்றிலிருந்து பிராணவாயுவை முன்பே பிரித்தாகிவிட்டது. மறுபடி உருக்கினால் போதும். மின் உலையில் ஒரு டன் உருக்க ஏறத்தாழ 500 யூனிட் மின்சாரம் ஆகும். தாது வெட்ட வேண்டாம். கல்கரியும் வேண்டாம். தள்ளுவண்டியில் இரும்பு சேர்ப்பவர் பூமிக்குச் செய்யும் உதவியை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

இதில் கவனமும் வேண்டும். இரும்போடு செம்புக் கம்பி கலந்தால் எஃகு கெட்டுவிடும். செம்பைத் தனியே பிரித்துப் போட்டால் விலையும் கூடுதலாகக் கிடைக்கும். மூடிய டப்பா, பழைய எரிவாயு உருளை உலைக்குள் போனால் வெடிக்கும். உலை அருகே நிற்பவர் உயிருக்கே ஆபத்து.

ஆனால், பழைய இரும்பு மட்டும் போதாது. இன்று பாலத்தில் வைத்த கம்பி, பாலம் பழசாகி இடிக்கும்போதுதான் திரும்பி வரும். அதற்கு ஐம்பது ஆண்டுகூட ஆகலாம். ஆகவே தாதுவையும் உருக்கத்தான் வேண்டும்.

கரிக்குப் பதில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தலாம். அதுவும் பிராணவாயுவை இழுக்கும். இரண்டும் சேர்ந்து வெறும் நீராவி ஆகிவிடும். ஸ்வீடன் நாட்டில் 2021-இல் இப்படி இரும்பு செய்து காட்டினார்கள். ஜம்ஷெட்பூரில் 2023 ஏப்ரலில் ஓர் ஊதுலையில் சில நாட்கள் ஹைட்ரஜன் செலுத்திச் சோதித்தார்கள். ஆனால் ஊதுலையில் கல்கரியை முழுவதும் நிறுத்த முடியாது. மேலே உள்ள சுமையைத் தாங்கி நிற்பதும் கல்கரிதான். ஹைட்ரஜனுக்கு வேறு வகை உலை கட்ட வேண்டும்.

செலவும் பெரிது. தண்ணீரிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் பிரிக்க 50 யூனிட் மின்சாரமாவது வேண்டும். ஒரு டன் இரும்புக்கு 50 கிலோவுக்கு மேல் ஹைட்ரஜன் தேவை. அதாவது 2500 யூனிட்டுக்கு மேல். மாதம் 100 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் வரும்! அந்த மின்சாரத்தையும் நிலக்கரியில் எடுத்தால் பயனில்லை. அடுப்படிப் புகையைத் திண்ணைக்குத் தள்ளிய கதைதான். வெயிலிலும் காற்றிலும் எடுத்த மின்சாரம் வேண்டும்.

2024 டிசம்பரில் மத்திய அரசு ஓர் அளவு வகுத்தது. ஒரு டன் எஃகுக்கு 2.2 டன்னுக்குக் குறைவாகக் கரியமில வாயு விட்டால் அது பசுமை எஃகு. குறையக் குறைய நட்சத்திரம் கூடும். 1.6 டன்னுக்கும் கீழே போனால் ஐந்து நட்சத்திரம். குளிர்ப்பெட்டியில் ஒட்டியிருக்குமே, அதுபோல.

வேலை என்ன ஆகும்? இதையும் கேட்க வேண்டும். பிரிட்டனில் போர்ட் டால்பட் என்ற ஊரில் டாடா நிறுவனத்துக்கு ஓர் ஆலை உண்டு. அங்கே கடைசி ஊதுலையை 2024 செப்டம்பர் 30-இல் மூடினார்கள். பழைய இரும்பை உருக்கும் மின் உலை கட்டத் திட்டமிட்டார்கள். புகை குறைந்தது. கூடவே இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வேலைகளும் போயின. மின் உலைக்கு ஆட்கள் குறைவாகவே போதும்.

நம் நாட்டில் தன்பாத், ஜாரியா பகுதியில் கல்கரிக்கான நிலக்கரியை வெட்டுகிறார்கள். பல தலைமுறைகளாக அதுவே அவர்களுக்குச் சோறு. அவர்களுக்கு வேறு தொழில் கற்றுத்தர ஆண்டுகள் பிடிக்கும். உலையை மூடிய பிறகு அதைத் தொடங்கினால் காலம் கடந்துவிடும்.